எலி கடிக்காத ஒயர்

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் மொட்டை மாடியில் தீப்பிடித்தபோது மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும். துணி காயப்போட வந்த எதிர்வீட்டுப் பெண்தான் முதலில் புகையைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டிய மனுஷர். எது நடந்தாலும் முதலில் என்ஜினை அணைப்பது அவர் கையில் ஊறிப்போன பழக்கம். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மாடிப்படி ஏறினார்.

மேலே, சோலார் பேனல்களுக்கு அடியிலிருந்து ஒரு ஒயர் அறுந்து, எரிந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அவர் மனைவி வெயிலில் போட்டிருந்த தலையணைகள். கரண்டைத்தான் அணைத்தாயிற்றே என்ற தைரியத்தில் ஒயரைக் கையால் பிடித்து இழுத்தார். இழுத்தது வரைக்கும்தான் அவருக்கு நினைவிருக்கிறது.

தீயணைப்பு வண்டி வந்து கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டது. மூன்று பேனல்கள் போயின. தண்ணீர்த் தொட்டியின் மூடி உருகி வழிந்தது. டிரைவரின் வலது உள்ளங்கை வெந்துபோனது. உயிருக்கு ஒன்றுமில்லை, அந்த மட்டில் நிம்மதி.

அந்தப் பேனல்களை மூன்றரை வருஷத்துக்கு முன்னால் போட்டுக் கொடுத்தவனுக்கு ஏணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. கேபிள் டிவி வேலை பார்த்த காலத்தில் எந்நேரமும் தோளில் ஒரு ஏணியோடு தெருத்தெருவாய்த் திரிந்தவன். பிறகு பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சோலார் வேலைக்கு மாறினான். கடைப் பலகையில் பெரிதாய் வேறு பெயர் எழுதியிருந்தாலும், ஊரில் எல்லோருடைய போனிலும் அவன் ‘ஏணி சோலார்’தான்.

மறுநாள் காலை மின் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி. முழங்காலில் பட்டை கட்டியிருந்ததால் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். ஏணி முன்னாலேயே மேலே போய் நின்றிருந்தான். அவர் கையுறை போட்டுக்கொண்டு, தரையில் குந்தி, கரியை மெதுவாக ஒதுக்கி, புளியங்கொட்டை நிறத்தில் உருகிக் கிடந்த ஒரு கட்டியை எடுத்தார். இரண்டு ஒயர்களைச் சேர்க்கும் கனெக்டர் அது. ஏணி அதைப் பார்த்தான். எந்த இடத்தில் தீ தொடங்கியது என்பது அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

கையில் கட்டோடு படிவாசலில் நின்ற டிரைவர் கேட்டார்: “மெயினை அணைச்சேனே மேடம். அப்புறம் எப்படி என்னைத் தூக்கி அடிச்சுது?”

“மெயினை அணைச்சா வீட்டுக்குள்ள போறதுதான் நிக்கும். பேனல் மேல வெயில் படுறவரைக்கும் இந்த ஒயர்ல கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும். சூரியனுக்கு சுவிட்ச் கிடையாதே.”

“இதை எனக்கு யாருமே சொல்லலையே.”

“மெயின் பக்கத்துல சிவப்பு எழுத்துல ஒட்டியிருக்கணும். அது சட்டம்.” ஆய்வாளர் ஏணியைத் திரும்பிப் பார்த்தார். “ஒட்டலையா?”

“ஒட்டினேன் மேடம். பெயிண்ட் அடிக்கும்போது உரிஞ்சிருக்கும்.” அந்த வீட்டுச் சுவர் பெயிண்டைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அந்த ஸ்டிக்கர்கள் இன்னும் ஒரு கட்டாக அவன் பையில்தான் கிடந்தன.

ஆய்வாளர் கட்டியை வெளிச்சத்தில் திருப்பினார். “இது ரெண்டு பாதியும் ஒரே கம்பெனி சாமானா?”

அங்கேதான் அவன் நாக்கு தானாகப் புரண்டது. “எலி கடிச்சிருக்கும் மேடம். ஒயர் மேல் உறையைக் கடிச்சுடும். அதுல ஷார்ட் ஆகியிருக்கும்.”

ஆய்வாளர் கட்டியை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டினார். “ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புறேன். பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க.”

“எலியா!” என்றார் டிரைவர். “அப்பவே நினைச்சேன். பக்கத்துக் காலிமனை முழுக்கப் புதர். எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அந்த ஆள்கிட்ட!” பிறகு கட்டுப் போடாத இடது கையால் ஏணியின் முதுகைத் தட்டினார். “நீ என்ன தம்பி இடிஞ்சுபோய் நிக்கிறே? எலி கடிச்சா நீ என்ன பண்ணுவே?”

நடந்தது இதுதான். ஒவ்வொரு பேனலும் கம்பெனியிலிருந்து வரும்போதே அதன் ஒயர் நுனியில் ஒரு கனெக்டர் இருக்கும். வீட்டுக்குள் போகும் ஒயருக்கு வேலைக்காரன் ஒரு கனெக்டர் போட்டு இரண்டையும் சேர்ப்பான். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்பது விதி. வேறு வேறாக இருந்தாலும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் உள்ளே உலோகம் சரியாகக் கவ்வாது. நாள்பட நாள்படச் சூடேறும். பயிற்சியில் இதை அவனுக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பேனல் போட்ட அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சோலார் வேண்டியிருந்தது. சரியான கனெக்டருக்கு இரண்டு மாதத் தட்டுப்பாடு. சாமான் கடைக்காரர் ஒரு சாக்கைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். “அதே சாமான்தான்யா, பேர்தான் வேற. மாட்டிப் பாரு, டக்குனு உக்காரும்.” மாட்டிப் பார்த்தான். டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தையே சமாதானமாக எடுத்துக்கொண்டு சாக்கு தீரும்வரை வேலை செய்தான்.

மூன்றாம் நாள் டிரைவர் போன் செய்தார்.

“தம்பி, மூணு எலிக்கூண்டு வாங்கிட்டு வந்திருக்கேன். எங்க வெக்கலாம்?”

ஏணி, “தொட்டிப் பக்கமா வைங்கண்ணே” என்றான்.

ஐந்தாம் நாள் மறுபடி. “ஒண்ணும் மாட்டலைப்பா. ரொட்டி வெச்சேன், நிலக்கடலை வெச்சேன், தொட்டுக்கூடப் பார்க்கலை. ஆனா காலிமனைக்காரனை விடலை. தெருவுல நிக்கவெச்சு நல்லாக் கேட்டுட்டேன். எனக்குக் கை போச்சு, உனக்குப் புதர் வெட்ட நேரமில்லையான்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏணியின் மனைவி அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்த பிறகு, சோலாருக்கு ஒப்புதல் கேட்கும் அவனுடைய விண்ணப்பங்களையெல்லாம் நிரப்புவதும் அவள்தான்.

“அஞ்சு நாளா தட்டுல விரலால கோடு போட்டுட்டு எழுந்துடுறீங்க. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லைன்னு சொல்றப்ப எல்லாம் உங்க காது சிவந்துடும். கண்ணாடியில பாருங்க.”

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சாக்கு, ஸ்டிக்கர், எலி, கூண்டு, காலிமனைக்காரர். அவள் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

“விண்ணப்பத்துல ‘இரு கனெக்டரும் ஒரே தயாரிப்பு’ன்னு ஒரு கட்டம் வரும். நான் உங்ககிட்டக் கேட்டுக் கேட்டுத்தானே டிக் போட்டேன்?”

“ஆமா.”

“நீங்க ஆமான்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

அவள் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். “போன வருஷம் ரத்தம் எடுத்த ரெண்டு ட்யூப்ல பேரை மாத்தி ஒட்டிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்கும் தெரியாது. டாக்டருக்குப் போன் போடுறப்ப நம்பரையே ரெண்டு தடவை தப்பா அடிச்சேன்.”

“எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே.”

“வெட்கமா இருந்துச்சு. அவர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. அப்புறம் ரெண்டு பேரையும் திரும்ப வரச்சொல்லி ரத்தம் எடுத்தோம். அவ்வளவுதான் நடந்துது.” திரும்பினாள். “அந்தச் சாக்கு எத்தனை வீட்டுக்குப் போச்சு?”

“தெரியாது.”

“தெரிஞ்சுக்கலாம். பரண்ல எல்லா நகலும் இருக்கு.”

இரண்டு பேரும் அட்டைப்பெட்டிகளை இறக்கித் தரையில் பரப்பினார்கள். அவள் தேதியைப் படித்தாள். அவன் எந்த வீடு, எந்த மாடி என்று யோசித்துச் சொன்னான். மத்தியானத்துக்குள் பட்டியல் தயாராகிவிட்டது. டிரைவர் வீட்டையும் சேர்த்து முப்பத்தொன்று.

“முதல்ல டிரைவர் வீடு. அப்புறம் ஆபீஸ்” என்றாள் மனைவி. “நானும் வரேன். டிக் போட்டது என் கை.”

“டிரைவர் வீட்டுக்கு நான் தனியாப் போறேன்” என்றான் ஏணி.

டிரைவர் மாடியில்தான் இருந்தார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, இடது கையில் குடை பிடித்தபடி கூண்டுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. ஒண்ணுகூட விழலை. படிச்ச எலியா இருக்கும்போல.”

“எலியே இல்லைண்ணே.”

“பின்னே?”

ஏணி நின்றபடியே சொன்னான். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து மூச்சுவிடாமல் சொன்னான். டிரைவர் குடையை மெதுவாக மடக்கினார்.

“அப்போ காலிமனைக்காரன்?”

“அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைண்ணே.”

“தெருவே பார்க்க நிக்கவெச்சுக் கேட்டேனேடா அவனை.”

ஏணி தரையைப் பார்த்தான்.

“இந்த வயசுல எம் பொண்டாட்டி எனக்கு ஊட்டிவிடுறா. சட்டைப் பட்டன் அவதான் போட்டுவிடுறா. அதைக்கூட விடு. வேலைன்னா தப்பு நடக்கும். நானும் வண்டியை இடிச்சிருக்கேன். ஆனா நான் போன் பண்ணி எங்க கூண்டு வெக்கன்னு கேட்டப்ப, தொட்டிப் பக்கமா வைங்கன்னு வழி சொன்னே பாரு...” அவர் எழுந்து ஒரு கூண்டைக் காலால் எற்றினார். “போயிடு. அந்த மேடம்கிட்டப் போய்ச் சொல்லு. இப்ப என் மூஞ்சியில முழிக்காதே.”

மறுநாள் காலை பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் ஆய்வாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மேஜைகள், அவற்றில் இரண்டுக்கு ஆளில்லை. அலமாரிக்கு மேலே கூரை தொடும்வரை கோப்புகள். ஆய்வாளர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினார். டிரைவர் வீட்டு விண்ணப்பம். அதில் பேனல்களின் புகைப்படம் ஒட்டியிருந்தது. பத்தடி தள்ளி நின்று எடுத்தது. கனெக்டர் ஒரு கடுகளவுதான் தெரிந்தது.

“இதுல கீழே இருக்கிற கையெழுத்து யாருதுன்னு பாருங்க.”

மனைவி குனிந்து பார்த்தாள். “உங்களுது மேடம்.”

“சின்ன வீடுகளுக்குப் போட்டோ போதும்னு அப்ப உத்தரவு. ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பம் வரும். கிட்டப் போய் எடுத்து அனுப்புங்கன்னு நான் திருப்பி எழுதியிருக்கலாம். எழுதலை. இதை நானும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்.” கோப்பை மூடினார். “உங்க லைசென்ஸை இன்னைக்கே நிறுத்தி வெக்கணும். விசாரணை முடியறவரைக்கும் நீங்க ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டாலும் அது குற்றம். புரியுதா?”

“புரியுது மேடம். ஆனா இந்த முப்பது வீடு? இப்ப வெயில் கொளுத்துது. இன்னைக்கே போனாத்தான்...”

“என்கிட்ட ரெண்டே பேர். முறைப்படி நோட்டீஸ் அனுப்பி, தேதி குடுத்து, போய்ப் பார்க்க மூணு மாசம் ஆகும்.” அவர் முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டே யோசித்தார். “மாடியில பேனலுக்குன்னே இருக்கிற டி.சி. சுவிட்சை அணைச்சு வெச்சா, ஒயரைத் தொட்டா அடிக்கத்தான் செய்யும், ஆனா கனெக்டர் வழியா கரண்ட் ஓடாது, சூடும் ஏறாது. அதை வீட்டுக்காரங்களே அணைக்கலாம். அணைக்கச் சொல்லணும், அவ்வளவுதான். சொல்றதுக்கு லைசென்ஸ் வேண்டாம்.”

அன்றைக்கே தொடங்கினான். பைக்கில் பெட்டி இல்லை, கருவி இல்லை. ஆய்வாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் மட்டும். வாசலில் நின்று, “உங்க வீட்டு சோலார்ல நான் தப்பான சாமான் போட்டிருக்கேன். தீப்பிடிக்கலாம். இப்பவே அணைச்சுடுங்க” என்று சொல்வது முதல் வீட்டில் மலையைப் புரட்டுவது போல இருந்தது. அந்த வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு கேட்டுவிட்டு, மேலே போய் அணைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாவது வீட்டில் திட்டு. நான்காவது வீட்டுப் பெரியவர், இது புதுசாக எதையோ விற்க வந்த தந்திரம் என்று கடிதத்தைப் பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு மாடியில் சுவிட்ச் இருப்பதே தெரியாது. அதன்மேல் துடைப்பம் மாட்டி வைத்திருந்தார்கள்.

கனெக்டர்களை மாற்ற ஒரு ஆள் வேண்டும். ஊரில் லைசென்ஸ் உள்ள இன்னொரு ஆள் காண்டிராக்டர் ஒருவர்தான். தொந்தியும் உரத்த குரலும் உள்ளவர். தட்டுப்பாடு வந்த அந்த வருஷம் சரியான சாமானுக்காக இரண்டு மாதம் கடையைச் சாத்தாத குறையாக உட்கார்ந்திருந்தவர். அந்த இரண்டு மாதமும் அவர் வாடிக்கையெல்லாம் ஏணியிடம் போயிற்று.

“வாய்யா, வா. என் பிழைப்புல மண்ணைப் போட்டவன் வாசல் தேடி வந்திருக்கான்” என்று வரவேற்றார். முழுசையும் கேட்டுவிட்டு நெடுநேரம் மீசையைத் தடவினார். “அப்போ உன்னால எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுதுன்னு நான் என் ஆளுங்களைத் திட்டினேனே, அது எல்லாம் இந்தச் சாக்காலதானா?”

“ஆமாண்ணே.”

“பாவம் அவங்க. ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டு வேலையை விட்டே போனாங்க.” எழுந்து சட்டையை மாட்டினார். “சரி. நான் மாத்திக் குடுக்கிறேன். உனக்காக இல்லை. நாளைக்கு ஒரு வீடு எரிஞ்சா ‘சோலாரே ஆபத்து’ம்பாங்க, என் கடையும் சேர்ந்து மூடணும். நீ எதையும் தொடக்கூடாது, தெரியும்ல?”

“தெரியும்.”

“ஏணியைப் பிடிக்கலாமா?”

“அதைப் பத்தி மேடம் ஒண்ணும் சொல்லலை.”

“அப்போ பிடி. பேருக்காவது பொருத்தமா இருக்கும்.”

இரண்டு வாரத்தில் இருபத்தெட்டு வீடுகள் முடிந்தன. கழற்றிய கனெக்டர்களில் பாதி நன்றாகவே இருந்தன. சில பழுப்பேறியிருந்தன. ஐந்தாறு விரலால் தொட்டதும் பொடிந்தன. ஒவ்வொன்றையும் ஆய்வாளர் உறையில் போட்டு எழுதி வைத்தார்.

மீதி இரண்டு வீடு. அதில் ஒன்றின் சொந்தக்காரர் துணிக்கடை வைத்திருப்பவர். மூன்று தடவை போயும் சுவிட்சை அணைக்க மறுத்துவிட்டார். “மூணரை வருஷமா ஒண்ணும் ஆகலையே. நல்லா ஓடுறதை எதுக்கு நோண்டணும்? நோட்டீஸ் வரட்டும், பார்க்கலாம்” என்பதே பதில். நான்காம் தடவை ஏணி அந்தத் தெருவுக்குப் போனபோது, வாசலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. டிரைவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஏணி திகைத்து நின்றான். “அண்ணே, நீங்க எப்படி இங்க?”

“உன் வீட்டுக்காரி போன் பண்ணிச்சு. மன்னிப்புக் கேட்டுச்சு. பேச்சுவாக்குல இந்த ஆளைப் பத்தியும் சொல்லுச்சு.” அவனைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டு மணியை அழுத்தினார்.

துணிக்கடைக்காரர் வந்து கதவைத் திறந்தார். ஏணியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். “மறுபடியுமா? அதான் சொன்னேனே, மூணரை வருஷமா ஒண்ணும்...”

“எனக்கும் மூணரை வருஷமா ஒண்ணும் ஆகலைங்க” என்றார் டிரைவர். கட்டுப் பிரித்த வலது கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். தோல் புதுசாய் இளஞ்சிவப்பில் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றன. “நீங்க துணி விக்கிறவர். கையைத்தானே நம்பியிருக்கீங்க.”

துணிக்கடைக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் மாடிப்படியை நோக்கி நடந்தார்.

திரும்பும்போது ஏணி, “அண்ணே, பைக்ல கொண்டுவிடட்டுமா?” என்று கேட்டான். டிரைவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். “காலிமனைக்காரன்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. நானும் சொல்லிட்டேன். ஆனா நீ சொல்றதுதான் முறை” என்றார். அன்று அவர் அவனிடம் பேசியது அவ்வளவுதான். அவனுக்கு அதுவே பெரிசாக இருந்தது. நேரே போய்ச் சொன்னான். காலிமனைக்காரர் கேட்டுவிட்டு, “புதரும் உண்மைதானே தம்பி” என்று சங்கடமாகச் சிரித்தார்.

முப்பதாவது வீட்டைக் காணோம். அந்த முகவரியில் வீடே இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி மதிய இடைவேளையில் கிளினிக் படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வீட்டுக்காரர், வீட்டை இடித்தவர், பழைய சாமான் எடுத்தவர். நான்காம் நாள் விடை கிடைத்தது. பேனல்களைக் கம்பி, ஒயர், பெட்டியோடு அப்படியே பெயர்த்தெடுத்து, பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தூரத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு விற்றிருக்கிறார்கள். அவளிடம் போன் இருந்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

அது வேறு ஆய்வாளரின் எல்லை. நம்முடைய ஆய்வாளர் அங்கே பேசிப் பார்த்தார். அடுத்த வாரம் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். மனைவி ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். இருவரும் காலை பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பண்ணைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் செடிகள். நடுவே ஒரு சின்ன வீடு, அதையொட்டி ஒரு கொட்டகை. கொட்டகையின் கூரைமேல்தான் பேனல்கள். வேலியைத் தாண்டியதுமே ஏணியின் மூக்கு விடைத்தது. உருகும் பிளாஸ்டிக் வாடை.

தண்ணீர்க் குழாயோடு வந்த பண்ணைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். “யாருங்க? செடி வேணுமா?”

“அக்கா, இந்த வாடை எத்தனை நாளா வருது?”

“நாலஞ்சு நாளா வருது. மோட்டார் கருகுதுன்னு மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேன். ஏன்?”

“சுவிட்ச் எங்க இருக்கு?”

“எந்த சுவிட்ச்?”

அவன் கூரையைப் பார்த்தான். இரண்டாவது பேனலின் விளிம்பில் மெல்லிசாக, நூல் மாதிரி, புகை எழும்பிக்கொண்டிருந்தது. கீழே கொட்டகைக்குள், கயிற்றுக் கட்டிலில் வேலைக்காரப் பெண்கள் இருவர் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள்.

“அவங்களை எழுப்பி வெளிய கூட்டிட்டு வா!” என்று மனைவியிடம் கத்திவிட்டு ஓடினான். கொட்டகையின் பின்சுவரில், அவன் கையாலேயே ஒரு காலத்தில் பூட்டிய அந்தச் சாம்பல் நிற சுவிட்சுப் பெட்டி. கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினான். துருப்பிடித்து அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். கடக்கென்று திரும்பியது. மோட்டார் நின்றது.

எல்லோரும் வெயிலில் நின்று கூரையையே பார்த்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசிவிட்டு மனைவி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். புகை முதலில் அப்படியே இருந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. பிறகு இல்லை.

“இப்பவும் யாரும் மேலே ஏறாதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. அந்த ஒயர்ல இன்னும் கரண்ட் இருக்கு” என்றான். ஒரு மண் மேட்டில் உட்கார்ந்தான். ஆய்வாளருக்குப் போன் போட்டான். “மேடம், சுவிட்சை நான் தொட்டுட்டேன்.”

“அது யார் வேணும்னாலும் தொடலாம். எல்லாரும் பத்திரமா?”

“பத்திரம் மேடம்.”

மறுமுனையில் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. “நான் அந்த ஆபீஸுக்குப் பேசுறேன். இன்னைக்கே ஆள் வரும். வரலைன்னா நானே வரேன். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க.”

பண்ணைக்காரப் பெண் சொம்பை நீட்டினாள். “இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சொல்றீங்களே, நீங்க கவர்மெண்டா?”

“இல்லைக்கா. இந்த ஒயரை நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன்.”

இத்தனை வீடுகளில் சொன்ன வாக்கியம்தான். அந்த இடத்தில் அவன் அழுதுவிட்டான். பண்ணைக்காரப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் மனைவியைப் பார்த்தாள். மனைவி அவன் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விசாரணை முடிந்து லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள். மறுபடி பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. சாமான் கடைக்காரரின் கிடங்கில் மிச்சம் கிடந்த சாக்குகளைச் சீல் வைத்தார்கள். ஆய்வாளருக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அதோடு சேர்ந்து, ஒவ்வொரு கனெக்டரையும் எழுத்துத் தெரியும்படி கிட்ட நின்று படம் எடுத்தால்தான் ஒப்புதல் என்று புது உத்தரவும் வந்தது. அது அவர் எழுதிக் கேட்டது. ஏணி காண்டிராக்டரிடம் கூலிக்குச் சேர்ந்தான். பாரம் தூக்குவது, கம்பி வெட்டுவது, ஏணி பிடிப்பது. காண்டிராக்டர் நாள் முழுக்க அவனைக் கேலி செய்வார். சாயங்காலம் பரீட்சைக்குப் படிக்கத் தன் பழைய புத்தகங்களைக் கொடுப்பார்.

டிரைவரின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு முழுசாக நிமிரவில்லை. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். சோலார் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று அவர் மனைவி வெகுநாள் பிடிவாதமாக இருந்தாள். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் டிரைவரே காண்டிராக்டரைக் கூப்பிட்டு, போன பேனல்களுக்குப் பதில் புதுசு மாட்டச் சொன்னார். “அந்தப் பயலையும் கூட்டிட்டு வாங்க. அவன் எதையும் தொடக் கூடாது. ஆனா இருக்கணும்” என்றார்.

வேலை முடிந்து ஆய்வாளர் பார்க்க வரும் நாளில், டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டு, பேனலுக்கு அடியில் தலையை நுழைத்திருந்தார். ஏணி பக்கத்தில் நின்றிருந்தான்.

“இந்தப் பாதியில என்ன எழுதியிருக்கு? எனக்கு எழுத்து சின்னதாத் தெரியுது.”

ஏணி குனிந்து படித்துச் சொன்னான்.

“அந்தப் பாதியில?”

அதையும் படித்தான்.

“ஒண்ணுதானே?”

“ஒண்ணுதாண்ணே.”

“சரி, அடுத்தது” என்று டிரைவர் முழங்காலால் நகர்ந்தார். கீழே படியில் ஆய்வாளர் நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது. அவர் மேலே வந்து சேர்வதற்குள் அவர்கள் ஏழு ஜோடியைப் படித்து முடித்திருந்தார்கள்.